நாடா, பெங்களூரா?

நங்கநல்லூர் நாலாவது மெயின் ரோட்டில் காலை ஏழு மணிக்குக் காய்கறி வண்டி முன்னால் நின்று, "தக்காளி அரைக் கிலோ போடுப்பா" என்று சொன்னால் வண்டிக்காரர் உடனே தராசைத் தொட மாட்டார். "நாடா, பெங்களூரா மாமி?" என்பார். அந்தக் கேள்விக்கு விளக்கம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. நாடு என்றால் உருண்டையாக, தோளில் மடிப்பு மடிப்பாக, விரல் பட்டாலே கன்றிப்போகிற மெல்லிய தோலோடு, கடித்தால் கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்போடு இருப்பது. பெங்களூர் என்றால் முட்டை மாதிரி நீண்டு, தோல் தடித்து, சதை கெட்டியாக, ஒரு வாரம் கூடையில் கிடந்தாலும் அசராதது. ரசத்துக்கு நாடு, சாண்ட்விச்சுக்குப் பெங்களூர். இது எந்தச் சமையல் புத்தகமும் சொல்லித் தராமலே தென்சென்னை முழுக்கத் தெரிந்த விதி.

இப்போது ஒரு வீட்டில் ரஷ்யத் தக்காளி சாலட் செய்வதாக வைத்துக்கொள்வோம். செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பழுத்த தக்காளி, மெல்லிதாக அரிந்த வெங்காயம், வெள்ளரிக்காய் இருந்தால் அதுவும், கொஞ்சம் சதகுப்பை இலை, உப்பு. மேலே சூரியகாந்தி எண்ணெய் விடலாம். இல்லாவிட்டால் புளிக்கவைத்த பாலேடான ஸ்மெத்தானாவைப் போட்டுப் பிசறலாம். அடுப்பே வேண்டாம். பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் அரிவாள்மணையில் ஏறும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு நீண்ட பெயர்க்கதை இருக்கிறது. வண்டிக்காரரின் கேள்வியிலேயே அது தொடங்கிவிடுகிறது. அவர் "நாடு" என்று சொல்லி நீட்டும் பழம் இந்த நாட்டுடையதே இல்லை.

தக்காளியின் காட்டு மூதாதைகள் தென் அமெரிக்காவின் மேற்கில், பெருவும் ஈக்வடாரும் இருக்கிற பக்கம் விளைந்தவை. அதைப் பெரிய பழமாகப் பயிராக்கியவர்கள் மெக்சிகோ பக்கத்து உழவர்கள். அங்கிருந்து ஸ்பானியர் கப்பலில் ஐரோப்பா, பிறகு ஐரோப்பியர் வழியாக இந்தியா. பழம் வந்தது அப்படி. ஆனால் "தக்காளி" என்ற சொல் அந்தக் கப்பலில் வரவில்லை. பழம் வந்து இறங்கியபோது சொல் இங்கே ஏற்கெனவே இருந்தது, வேறொரு செடியின் பெயராக.

அந்தச் செடி எது என்பதை இன்னும் தெரிந்துவைத்திருப்பது வத்தக் குழம்பு வைக்கிற வீடுகள்தான். மணத்தக்காளி. சிலர் மணித்தக்காளி என்பார்கள். காயைப் பார்த்தால் அந்தப் பெயர்தான் பொருத்தம், மணி மணியாகத்தான் இருக்கிறது. கொங்கு நாட்டில் சுக்குட்டி என்றால்தான் புரியும். பச்சையாகக் காய்த்து, கறுத்துப் பழுக்கும். மிளகைவிடச் சற்றே பெரிது. வாய்ப்புண் என்றால் இதன் கீரையைப் பருப்போடு வேகவைத்துத் தேங்காய்ப்பால் விட்டுக் கொடுப்பது இன்றும் வழக்கம். காயை மோரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி மோரில் போட்டு, மறுபடி காயவைத்தால் வத்தல். நங்கநல்லூரில் வடாம், அப்பளம் விற்கும் கடை எதில் நுழைந்தாலும் அதன் லேசான கசப்பு வாசனை முதலில் வரும்.

தக்காளி என்ற பெயரில் இன்னொரு செடியும் உண்டு. வேலியோரத்தில், தரிசில், மழைக்குப் பின் தானாக முளைப்பது. சின்னப் பழத்தைக் காகித விளக்கு மாதிரி ஒரு மெல்லிய உறை மூடியிருக்கும். கிராமத்துப் பிள்ளைகள் அந்த உறையின் வாயை விரலால் இறுக்கிப் பிடித்து, நெற்றியில் ஓங்கி அடிப்பார்கள். "டொப்" என்று வெடிக்கும். அதனால் சொடக்குத் தக்காளி. மருத்துவ நூல்களில் சிறுதக்காளி. தாவரவியலார் இதை ஃபைசாலிஸ் என்ற இனத்தில் வைத்திருக்கிறார்கள். இந்த ஃபைசாலிஸ் என்ற பெயரை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த காட்சியில் அது மெக்சிகோவில் மறுபடி வரும்.

ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்ல் மொழியில் "தொமாட்ல்" என்பது ஒரு பொதுப்பெயர். நீர்ப்பற்றுள்ள, உள்ளே விதை நிறைந்த, உருண்டைப் பழங்களுக்கெல்லாம் அதுதான் பெயர். முன்னால் ஒரு ஒட்டைச் சேர்த்து எந்தத் தொமாட்ல் என்று பிரித்துச் சொல்வார்கள். உறைக்குள் இருக்கும் பச்சைப் பழம், அதாவது நம் சொடக்குத் தக்காளியின் பெரிய அக்காவான ஃபைசாலிஸ், ஒரு தொமாட்ல். நாம் இன்று தக்காளி என்கிற சிவப்புப் பழம் "ஷீதொமாட்ல்". 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வாழ்ந்த பெர்னார்தினோ தெ சஹாகுன் என்ற பிரான்சிஸ்கத் துறவி, அம்மக்களின் வாழ்க்கை முழுவதையும் அவர்கள் மொழியிலேயே எழுதித் தொகுத்தார். அதில் சந்தைக் காட்சியும் உண்டு. தக்காளி விற்பவர் எத்தனை விதத் தக்காளியை விற்கிறார் என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார்: பெரியது, சிறியது, பச்சை, மஞ்சள், சிவப்பு, நல்லது, சொத்தை. நாலாவது மெயின் ரோட்டு வண்டிக்காரரின் தொழில் எவ்வளவு பழையது பாருங்கள்.

ஸ்பானியர் இந்த நுணுக்கத்தில் பொறுமை காட்டவில்லை. முன்னொட்டை உதிர்த்துவிட்டு, எல்லாவற்றையும் "தொமாத்தெ" என்று சுருட்டிவிட்டார்கள். ஊருக்குக் கொண்டுபோனது சிவப்புப் பழத்தை. கொண்டுபோன பெயர் பொதுப்பெயர். ஆங்கிலத்தின் டொமேட்டோ அதன் பிள்ளை. மெக்சிகோ நகரத்தில் மட்டும் இன்றைக்கும் பழைய கணக்கு மறக்கவில்லை. அங்கே சிவப்பு "ஹித்தொமாத்தெ", "தொமாத்தெ" என்று கேட்டால் உறை போட்ட பச்சைப் பழம்தான் கைக்கு வரும்.

தமிழ்நாட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதே நாடகம்தான். இரண்டு மேடைக்கும் இடையில் ஒரு பூமிப் பந்தின் தூரம். புதுப்பழத்தைப் பார்த்த தமிழர் அதற்கு வெளிநாட்டுப் பெயரைக் கடன் வாங்கவில்லை. செடியின் இலையை, பூவை, உள்ளே விதை மிதக்கும் பழத்தைப் பார்த்தார்கள். இது நம் தக்காளி ஜாதி என்று தெரிந்தது. அளவுதான் பெரிது, வந்த இடம்தான் வேறு. அதனால் "சீமைத் தக்காளி" என்றார்கள். பிறகு சீமைத் தக்காளி பெருகப் பெருக, முன்னொட்டு உதிர்ந்தது. ஸ்பானியர் வாயில் "ஷீ" உதிர்ந்தது போல, தமிழர் வாயில் "சீமை" உதிர்ந்தது. வந்தவர் வெறும் "தக்காளி" ஆனார். பெயருக்குச் சொந்தக்காரர்களான சின்னப் பழங்கள் இனித் தனியாகத் தக்காளி என்று சொல்லிக்கொள்ள முடியாமல், மண, மணி, சிறு, சொடக்கு என்று அடைமொழி போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரர் ஆகி, வீட்டுக்காரர் மாடிப்படிக்குக் கீழே போன கதை.

சீமை என்ற அடைமொழி எப்போதும் இப்படி உதிர்ந்துவிடுவதில்லை. சௌசௌவைச் சீமைக் கத்தரிக்காய் என்று இன்னும் சொல்கிறோம். சீமைக் கருவேலம் அந்தப் பெயரோடுதான் ஊரை வளைத்துக்கொண்டிருக்கிறது. சீமையெண்ணெய் "சீமெண்ணெய்" ஆகி, அதில் சீமை இருப்பதே மறந்துபோனது. போர்த்துக்கீசியரைக் குறித்த பறங்கி என்ற சொல் பறங்கிக்காயில் ஒட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக் கூட்டு வரை வந்துவிட்டது. அந்தப் பறங்கியின் மூலமான "ஃபரங்கி" பாரசீகத்தில் தக்காளியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது: ஈரானில் தக்காளிக்கு "கோஜே ஃபரங்கி" என்று பெயர், அதாவது பறங்கிப் பிளம். வங்காளத்தில் "பிலாத்தி பேகுன்", சீமைக் கத்தரிக்காய். நமக்குச் சௌசௌ எதுவோ அது அவர்களுக்குத் தக்காளி.

அமெரிக்காவிலிருந்து வந்த காய்கனிகளுக்குத் தமிழ் இரண்டு விதமாகப் பெயர் வைத்திருக்கிறது. ஒன்று, கேட்டதை அப்படியே வாங்கிக்கொள்வது: அன்னாசி, கொய்யா, பப்பாளி. இன்னொன்று, தெரிந்ததை நீட்டித் தெரியாததைப் பிடிப்பது: மிளகு மாதிரி உறைக்கிற காய் மிளகாய், தக்காளி மாதிரி இருக்கிற பழம் தக்காளி. இரண்டாவது வழிதான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அதில் ஒரு பார்வை இருக்கிறது. தாவரவியல் அதற்குச் சான்றிதழும் கொடுத்துவிட்டது. 1753இல் லின்னேயஸ் தக்காளியைக் கத்தரி, மணத்தக்காளி இவற்றோடு சொலானம் இனத்தில் சேர்த்தார். அடுத்த ஆண்டே பிலிப் மில்லர் அதைப் பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படி இருந்துவிட்டு, மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு தக்காளி மறுபடி சொலானத்துக்கே திரும்பியது. மணத்தக்காளியும் தக்காளியும் ஒரே இனம் என்று பெயர் வைத்த தமிழர், மணத்தக்காளிச் செடியின் முன் குந்தி உட்கார்ந்து இலையைத் திருப்பிப் பார்த்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பெயர் சீக்கிரம் கிடைத்துவிட்டாலும் சமையலறைக்குள் நுழைய நேரமாயிற்று. 1889 முதல் 1893 வரை வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதார விளைபொருள்களின் அகராதி, தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிராவதாகவும், இந்தியர்கள் இப்போதுதான் அதை விரும்பத் தொடங்கியிருப்பதாகவும் எழுதுகிறது. ரசத்துக்குப் புளி இருந்தது, மோர்க் குழம்புக்கு மோர் இருந்தது, மாங்காய், எலுமிச்சை, நெல்லிக்காய் இருந்தன. புளிப்புக்குப் பஞ்சமில்லாத ஊரில் இன்னொரு புளிப்பு எதற்கு என்று நம் பாட்டிகளின் பாட்டிகள் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

அந்தத் தயக்கத்தின் நினைவு இன்னும் ஓர் இடத்தில் அப்படியே இருக்கிறது. நங்கநல்லூரில் திவசச் சமையலுக்கு ஆள் வைத்துச் செய்யும் வீடுகள் ஏராளம். அந்தச் சமையல்காரர் எழுதிக் கொடுக்கும் பட்டியலைப் பார்த்தால் போதும். வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல். தக்காளி கிடையாது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ் கிடையாது. மிளகாய்கூடக் கிடையாது, அதன் பெயருக்கு மூலமான மிளகுதான் அன்றைக்கு ராஜா. குடும்பத்துக்குக் குடும்பம் சில காய்கள் மாறும். ஆனால் தக்காளி எந்தக் குடும்பத்திலும் அன்றைக்கு எளிதில் வாசற்படி தாண்டாது. "அதெல்லாம் இங்கிலீஷ் காய்" என்று ஒரே வார்த்தையில் மாமிகள் முடித்துவிடுவார்கள். பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் இதே சட்டம்தான்; தக்காளியும் உருளைக்கிழங்கும் அங்கே பிரசாதத்தில் சேர்வதில்லை. வண்டியில் "நாடு" என்று விற்கும் பழம், வருஷத்தில் ஒரு நாள் மட்டும் மறுபடி சீமைத் தக்காளி ஆகிவிடுகிறது. பேச்சுமொழி மறந்த முன்னொட்டை மடைப்பள்ளி மறக்கவில்லை.

ரஷ்யாவுக்கு வருவோம்.

தக்காளியைப் பற்றி எழுதிய முதல் ஐரோப்பியர்களில் ஒருவர் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி. 1544இல் அதைப் புதுவிதக் கத்தரிக்காய் போலக் குறிப்பிட்டவர், 1554 பதிப்பில் "போமி தோரோ" என்ற பெயரைப் பதித்தார். பொன் ஆப்பிள் என்று பொருள். முதலில் பார்த்தது மஞ்சள் தக்காளியாக இருந்திருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஒரு காலத்தில் அதைக் காதல் ஆப்பிள் என்றும் சொன்னார்கள். ரஷ்யாவில் 18ஆம் நூற்றாண்டில் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் பரப்ப எழுதிக்கொண்டே இருந்த ஆந்திரேய் போலோத்தவ் (1738–1833) பயன்படுத்தியதும் அந்தக் காதல் ஆப்பிள்தான். பிறகு காதல் போய், பொன் நின்றது: "பமிதோர்".

ஆனால் ரஷ்ய மொழியில் இன்னொரு சொல்லும் உண்டு: "தமாத்". இந்த இரட்டைப் பெயரில்தான் தமிழ் வாசகருக்குச் சிரிப்பு வரும் விஷயம் இருக்கிறது. தோட்டத்தில் பறித்துத் தட்டில் அரிந்து வைக்கும் பழம் பமிதோர். சாலட் பமிதோரில். அதுவே தொழிற்சாலைக்குப் போய், சாறாகவோ விழுதாகவோ டப்பாவில் வந்தால் தமாத். தமாத் சாறு, தமாத் விழுது, தமாத் குழம்பில் கிடக்கும் டப்பா மீன். விவசாய விஞ்ஞானிக்கும் அது தமாத். சென்னைக்காரர் இதைப் படித்துவிட்டு தி. நகரில் ஏதாவது ஓட்டலின் பட்டியலைக் கையில் எடுத்தால் போதும். வீட்டில் தக்காளி ரசம், தக்காளி தொக்கு, தக்காளிக் கொத்சு. ஓட்டலில் டொமேட்டோ சூப். கடையில் டொமேட்டோ கெட்சப், டொமேட்டோ ப்யூரி. காலையில் டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போவது தக்காளி சாதம்; அதே சாதம் மதியம் பஃபே மேஜையில் கண்ணாடிப் பாத்திரத்தில் டொமேட்டோ ரைஸ். கையால் தொடும்வரை ஒரு பெயர், மூடி போட்டதும் இன்னொரு பெயர். இரண்டு மொழிகளும் பேசிவைத்துக்கொண்டு இதைச் செய்யவில்லை.

பமிதோர் பழுக்கக் கோடை அங்கே குறைவு. செப்டம்பரில் உறைபனி விழுவதற்குள் பச்சையாகவே பறித்து, இருட்டில் வைத்துப் பழுக்கவைப்பார்கள். கட்டிலுக்கு அடியில் பரப்பிவைப்பதும், கம்பளிப் பூட்ஸுக்குள் போட்டுவைப்பதும் சோவியத் வீடுகளில் சாதாரணம். அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்துவைக்கும் நம் வீட்டுக் குழந்தைக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்படாது.

சாலட்டில் விடும் எண்ணெய்க்கும் ஒரு கதை உண்டு, அது நங்கநல்லூர் வரை நேராக வருகிறது. சூரியகாந்தியும் அமெரிக்கச் செடிதான். ரஷ்யாவில் அதை முதலில் அழகுக்காகவும் கொறிக்கவும் வளர்த்தார்கள். 1829இல் அலெக்சேயெவ்கா என்ற ஊரில் தனியேல் பொக்கரியோவ் என்ற பண்ணையடிமை அதன் விதையிலிருந்து எண்ணெய் பிழிந்தார். ரஷ்யத் திருச்சபையின் நோன்பு நாட்களில் வெண்ணெய், நெய், கொழுப்பு ஆகாது. செடியெண்ணெய் விடலாம் என்கிற நாட்களில் இந்தப் புது எண்ணெய் இடம்பிடித்தது. அதனாலேயே அதற்கு "பொஸ்த்னயெ மாஸ்லா", நோன்பு எண்ணெய், என்று பெயர் ஒட்டிக்கொண்டது. திவசச் சமையலோடு இதை வைத்துப் பார்த்தால் வேடிக்கைதான்: புதிதாக வந்த செடியை நம் சாஸ்திரச் சமையல் வெளியே நிறுத்தியது, அங்கே புதிதாக வந்த செடிதான் நோன்பின் பெயரையே எடுத்துக்கொண்டது.

1969இல் சோவியத் யூனியனிலிருந்து "பெரெதோவிக்" உள்ளிட்ட சூரியகாந்தி ரகங்களின் விதை இந்தியாவுக்கு வந்தது. சமையல் எண்ணெய்ப் பற்றாக்குறைக்கு விடை தேடிய காலம் அது. 1970களில் சூரியகாந்தி வயலுக்கு வந்தது, பிறகு டின்னில் வந்தது, பிறகு பாக்கெட்டில். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆண்ட அடுப்பங்கரையில் இன்று அப்பளம் பொரிவது பெரும்பாலும் அதில்தான். ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையிலுள்ள ரஷ்யக் கலாச்சார மையத்தில் படம் பார்த்தவர்களைவிட, நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் மாஸ்கோ அச்சுப் புத்தகம் வாங்கியவர்களைவிட, ரஷ்ய விதையின் எண்ணெயில் பூரி பொரித்தவர்கள் அதிகம். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்ல வேண்டும். ரஷ்யர் சாலட்டில் விடுவது சுத்திகரிக்காத எண்ணெய். வறுத்த விதையின் வாசனை தூக்கலாக இருக்கும். நம் பாக்கெட் எண்ணெய்க்கு வாசனையே கிடையாது. அதனால் நங்கநல்லூரில் இந்தச் சாலட்டைச் செய்பவர் மரச்செக்கு எண்ணெய்க் கடையில் சூரியகாந்தி இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

சதகுப்பை கொஞ்சம் சிக்கல். இலையாக வேண்டும் என்றால் பெங்களூரில் "சப்சிகே சொப்பு" என்று கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பருப்போடு மசித்துப் பல்யம் செய்வார்கள். சென்னையில் சதகுப்பை என்றால் நாட்டு மருந்துக் கடைக்காரர் விதையைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார், பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிண்ட. வடமொழியில் அது சதபுஷ்பா, நூறு பூ. குடை விரிந்தது போன்ற பூங்கொத்தைப் பார்த்தவர் நூறு என்பதைக் குறைவாகவே சொன்னார் என்று நினைப்பார். இலை கிடைக்காதவர் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டால் ரஷ்யர் முகம் சுளிக்கலாம், சாலட் கெடாது.

சாலட் என்ற சொல்லே உப்பிலிருந்து பிறந்தது. லத்தீனில் "சால்" உப்பு, "சலாத்தா" உப்பிட்டது. அது ரஷ்ய மொழிக்கு "சலாத்" ஆகப் போனது, ஆங்கிலம் வழியாக நமக்குச் சாலட்டாக வந்தது. தமிழில் அதற்கு ஈடான பச்சடி உப்பைப் பார்க்கவில்லை, பச்சையைப் பார்த்தது: வேகாதது என்பதுதான் அங்கே செய்தி. (மாங்காய்ப் பச்சடி வெந்துவிட்டது என்று யாராவது குறுக்கே வரலாம். பெயர் வைத்தபோது இருந்த சத்தியம் பின்னால் இளகுவது சகஜம்.) பெயர் எதுவானாலும் தட்டில் நடக்கும் வேலை உப்பினுடையதுதான். அரிந்த தக்காளி மேல் உப்பைத் தூவிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும். முதல் நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு வெட்டுமுகத்தில் வியர்வை அரும்பும். ஐந்து நிமிஷத்தில் துண்டுகளுக்கு அடியில் இளஞ்சிவப்பு நீர் தேங்கும், விதைகள் அதில் நழுவும். வெங்காயத்தின் காரம் அந்த நீரில் கரைந்து அடங்கும், எண்ணெய் மேலே பொட்டுப் பொட்டாக மிதக்கும். ரஷ்ய வீட்டில் சாலட் தீர்ந்த பிறகு இந்தச் சாற்றை ரை மாவில் செய்த கறுப்பு ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவார்கள். அதற்காகவே சாலட் செய்பவர்களும் உண்டு.

இங்கேதான் நாடா பெங்களூரா என்ற கேள்வி உண்மையான கேள்வி ஆகிறது. சாலட்டுக்குப் பெங்களூர் என்பது பொது விதி; துண்டு துண்டாக நிற்கும், தட்டில் அழகாக இருக்கும். ஆனால் இந்தச் சாலட்டின் உயிர் துண்டில் இல்லை, அடியில் தேங்கும் நீரில் இருக்கிறது. அதற்கு நாடுதான் சரி. கையோடு குழைந்தாலும் பரவாயில்லை.

ஸ்மெத்தானா விட்டுப் பிசறுகிறவர்களுக்கு நம் பரிசாரகர்கள் சொல்லித் தர ஒரு பாடம் உண்டு: உப்பைக் கடைசியில் போடு. தயிர்ப்பச்சடியில் முன்கூட்டியே உப்பிட்டால் நீர்த்துப்போய், பந்தியில் இலையெல்லாம் ஓடும். ஸ்மெத்தானாவுக்கும் அதே விதி. அந்தச் சொல், கூட்டிச் சேர்ப்பது என்ற வினையிலிருந்து வந்தது. பால் மேல் படிந்ததை வழித்துச் சேர்த்தது. நாம் ஏடு என்றோம், ஆடை என்றோம். அவர்கள் எடுக்கும் கையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் படிந்ததைப் பார்த்துப் பெயர் வைத்தோம். கெட்டித் தயிரைத் துணியில் வடித்து, ஒரு கரண்டி பாலேட்டைக் கலந்தால் நங்கநல்லூர் ஸ்மெத்தானா தயார்.

சென்னை வரவேற்பு விருந்துகளில் "ரஷ்யன் சாலட்" என்ற பெயரில் வருவது இதுவல்ல. வேகவைத்த உருளைக்கிழங்கு, காரட், பட்டாணி, சில சமயம் அன்னாசித் துண்டு, எல்லாம் மயோனீஸில் குளித்திருக்கும். தக்காளி மருந்துக்கும் இருக்காது. 1860களில் மாஸ்கோவின் எர்மித்தாஷ் உணவகத்தில் லூசியன் ஒலிவியே என்ற சமையல்காரர் செய்த ஆடம்பர சாலட்டின் ஏழைப் பேரன் அது. ரஷ்யாவில் அதற்கு "அலிவ்யே" என்று அவர் பெயர்தான். ரஷ்யன் சாலட் என்று மாஸ்கோவில் கேட்டால் எந்த ரஷ்யன் சாலட் என்று திருப்பிக் கேட்பார்கள்.

வண்டிக்காரரின் "நாடு" எவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதற்குத் தேனிப் பக்கம் ஒரு சாட்சி இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற ரகம், அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து தூண்டிய மரபு மாற்றத்தால் பெறப்பட்டது. அன்னஞ்சி தேனிக்குப் பக்கத்து ஊர். பெருவிலிருந்து கிளம்பிய பழம் ஓர் ஊரின் பெயரோடு "உள்ளூர் ரகம்" ஆகிவிட்ட பிறகுதான் விஞ்ஞானி அதைக் கையில் எடுத்திருக்கிறார். கோயம்பேட்டு விலைப்பட்டியலில் நாட்டுத் தக்காளி ஒரு வரி, நவீன் தக்காளி இன்னொரு வரி. நவீன் ஒரு வீரிய ஒட்டு ரகத்தின் பெயர். ஆனால் நாட்டுக்கு எதிர்ப்பதம் நவீனம்தானே என்று படிப்பவர் நினைத்துக்கொள்ளும்படி அது அச்சாகிறது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாடு அரசு பண்ணை பசுமைக் கடைகளிலும் சென்னையின் சில ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. அரிசி, பருப்பு, சர்க்கரை வாங்கும் ஜன்னலில் தக்காளி. ஒரு காலத்தில் வெள்ளைக்காரருக்காகப் பயிரானது என்று வாட் எழுதிய பழம்.

இவ்வளவு சொந்தமான பிறகு வசவிலும் இடம் கிடைக்காமல் போகுமா? சென்னைப் பையன்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்ட ஒரு கெட்ட வார்த்தையை, பெரியவர்களைப் பார்த்ததும் முதலெழுத்தோடு திருப்பித் "தக்காளி!" என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்தவர் ரத்தத்தை அலட்சியமாக நினைப்பவரைக் கிண்டல் செய்யத் தக்காளிச் சட்னி போதும். சினிமா நகைச்சுவையிலிருந்து வந்த வசனம் இப்போது பட்டிமன்றம் வரை போய்விட்டது. அன்னாசிக்கோ கொய்யாவுக்கோ இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. மலை தாண்டியும் கடல் தாண்டியும் சொல் போயிருக்கிறது: மலையாளத்தில் தக்காளி, சிங்களத்தில் தக்காலி.

மொட்டைமாடியில் தொட்டி வைத்திருக்கும் நங்கநல்லூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நர்சரியில் வாங்கிய தக்காளி நாற்றை நட்டு, குச்சி கட்டி, வேப்பெண்ணெய் தெளித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதே தொட்டியின் ஓரத்தில் யாரும் விதைக்காத ஒரு செடி தலைகாட்டும். மைனாவோ குயிலோ எங்கேயோ தின்றுவிட்டு எச்சமிட்டது. இலை கிட்டத்தட்டத் தக்காளி ஜாடை, பூ சின்ன வெள்ளை நட்சத்திரம். களை என்று பிடுங்கப்போகும் வேலைக்காரப் பெண்ணை வீட்டுப் பாட்டி தடுப்பாள். "விடு, அது மணத்தக்காளி. நாளைக்குக் கூட்டுக்கு ஆகும்."